கேமர்கேட்: ஒரு போரின் கதை
அத்தியாயம் 3: எழுதப்படாத விமர்சனம்

மார்ச் 31. அந்த ஒரு தேதியில்தான் எல்லாமே தொங்கிக்கொண்டிருந்தது.

2014 ஆகஸ்ட் 16 அன்று, வீடியோ விளையாட்டு உருவாக்குபவரான ஸோயி க்வின்னின் முன்னாள் காதலர் இணையத்தில் கொட்டிய நீண்ட பதிவோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அதில் அடிபட்ட பெயர்களில் ஒன்று, ‘கொட்டாகு’ என்ற வீடியோ விளையாட்டு இணைய இதழின் நிருபருடையது. அவரும் க்வின்னும் நெருங்கிப் பழகினார்கள் என்ற செய்தி பரவியது. உடனே இணையத்தில் ஒரு கூட்டம் முடிச்சுப் போட்டது: பழகியதற்குக் கைமாறாகத்தான் அந்த நிருபர் க்வின்னின் விளையாட்டைப் புகழ்ந்து விமர்சனம் எழுதினாராம்.

அது என்ன விளையாட்டு? ‘டிப்ரஷன் குவெஸ்ட்’. துப்பாக்கியும் இல்லை, கார் பந்தயமும் இல்லை. திரையில் வெறும் எழுத்துகள். மனச்சோர்வில் தவிக்கும் ஒருவராக நீங்கள் ஒவ்வொரு நாளையும் கடக்க வேண்டும். நண்பர்கள் விருந்துக்குக் கூப்பிடுகிறார்கள், என்ன செய்வீர்கள்? கீழே விடைகள் வரிசையாக வருகின்றன. சந்தோஷமாகக் கிளம்பிப் போகலாம் என்ற முதல் விடை மட்டும் குறுக்கே கோடு போட்டு அடிக்கப்பட்டிருக்கும். அதை அழுத்தவே முடியாது. நோய் முற்ற முற்ற, அடிபடும் விடைகளும் கூடிக்கொண்டே போகும். அந்த நோயை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. விளையாடக் காசும் கிடையாது.

கொட்டாகுவின் ஆசிரியர் ஸ்டீபன் டோட்டிலோ, குற்றச்சாட்டு கிளம்பியதும் தன் நிருபரின் கட்டுரைகளைத் தேதிவாரியாகப் புரட்டினார். ஆகஸ்ட் 20 அன்று விசாரணை முடிவை வெளியிட்டார். அந்த நிருபர் ‘டிப்ரஷன் குவெஸ்ட்’ பற்றி விமர்சனம் எழுதவே இல்லை. கொட்டாகுவில் க்வின் பெயர் வரும்படி அவர் எழுதியது ஒரே கட்டுரை. பாதியில் நின்றுபோன ஒரு ரியாலிட்டி ஷோ பற்றியது அது. வெளியான நாள் மார்ச் 31. இருவரும் பழகத் தொடங்கியது அதற்குப் பிறகு, ஏப்ரலில். ஜனவரியில் வேறொரு தளத்துக்கு எழுதியபோது, 50 விளையாட்டுகளின் பட்டியலில் ‘டிப்ரஷன் குவெஸ்ட்’டையும் சேர்த்து ஓரிரு சொல் பாராட்டியிருந்தார். அவ்வளவுதான்.

பத்திரிகை செய்ய வேண்டிய வேலை இதுதான். குற்றச்சாட்டை ஒதுக்கவும் இல்லை, நம்பவும் இல்லை, சரிபார்த்தார்கள்.

ஆனால், கூட்டத்தின் சந்தேகத்துக்கு வேரே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். 2007-ல் ‘கேம்ஸ்பாட்’ தளத்தின் ஜெஃப் கெர்ஸ்ட்மன், ‘கேன் அண்ட் லின்ச்’ என்ற விளையாட்டுக்குக் குறைந்த மதிப்பெண் போட்டார். தளம் முழுக்க அதே விளையாட்டின் விளம்பரம்! கெர்ஸ்ட்மனுக்கு வேலை போனது. விளம்பரதாரர்களின் அதிருப்திக்கும் அதில் பங்கு இருந்ததை 2012-ல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். விளையாடுகிறவர்கள் இதை மறக்கவில்லை. க்வின் விவகாரத்துக்குப் பிறகு கொட்டாகுவே விதியை மாற்றியது: விளையாட்டு உருவாக்குபவர்களுக்கு ‘பேட்ரியான்’ என்ற நிதியுதவித் தளம் வழியாக நிருபர்கள் பணம் அனுப்பக் கூடாது. கேள்வியில் நியாயம் இருந்தது.

ஆனால், அந்தக் கேள்வியின் பெயரால் நடந்தது என்ன? க்வின்னின் முகவரியும் தொலைபேசி எண்ணும் இணையத்தில் வீசப்பட்டன. கணக்குகள் உடைக்கப்பட்டன. கொலை மிரட்டலுக்கு அஞ்சி அவர் வீட்டை விட்டே வெளியேறினார். எழுதியதாகக் குற்றம்சாட்டப்பட்ட நிருபரைவிடப் பல மடங்கு அடி, யாரைப் பற்றி எழுதப்பட்டதாகச் சொல்லப்பட்டதோ அந்த க்வின் மீதே விழுந்தது. இதை ‘இரு தரப்பு விவாதம்’ என்று எழுதிய செய்தியாளர்கள் தவறிழைத்தார்கள். மிரட்டலுக்கு மறுதரப்பு கிடையாது.

ஆகஸ்ட் 27 அன்று நடிகர் ஆடம் பால்ட்வின் ட்விட்டரில் போட்ட ஒரு ஹேஷ்டேக், இந்தக் கூட்டத்துக்குப் பெயர் சூட்டியது: ‘கேமர்கேட்’.

மறுநாளே பத்திரிகைகள் எதிர்த்திசையில் சறுக்கின. ‘கேமசூத்ரா’ தளத்தில் லீ அலெக்சாண்டர், கேமர் என்ற அடையாளமே முடிந்துவிட்டது என்று எழுதினார். அதே ஓரிரு நாட்களில் வேறு தளங்களிலும் அதே தொனியில் கட்டுரைகள் வரிசைகட்டின. பள்ளிவிட்டு வந்து விளையாடும் பையனும், வேலை முடிந்து விளையாடும் பெண்ணும் மிரட்டல்காரர்களோடு ஒரே கூண்டில் ஏற்றப்பட்டார்கள். எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு எழுதுகிறார்கள் என்ற சந்தேகத்துக்கு அந்த வரிசையே தீனி போட்டது. மிரட்டியவர்களைச் சுட்டிக்காட்டியிருந்தால் போதும். ஒரு கூட்டத்தையே குற்றவாளியாக்கியது பெரும் பிழை.

அந்த வாரமே இன்னொருவரும் மிரட்டலால் வீட்டை விட்டு வெளியேறினார்: அனிதா சர்கீசியன். வீடியோ விளையாட்டுகளில் பெண்கள் எப்படிக் காட்டப்படுகிறார்கள் என்பதை விமர்சித்துக் காணொளித் தொடர் நடத்தியவர்.

அக்டோபர் 15 அன்று யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் பேசுவதாக இருந்தது. அதற்கு முன்பே பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பேச்சை ரத்து செய்யாவிட்டால் அமெரிக்கா காணாத பள்ளித் துப்பாக்கிச்சூடு நடக்கும் என்றது அது. கீழே இருந்த பெயர், 1989-ல் மான்ட்ரியல் கல்லூரியில் 14 பெண்களைக் கொன்றவனின் பெயர்.

அனிதா பின்வாங்கவில்லை. வாசலில் துப்பாக்கிச் சோதனை செய்வீர்களா என்று மட்டும் போலீஸைக் கேட்டார்.

அவர்கள் சொன்ன பதில் அடுத்த வாரம்.

(தொடரும்)