விடை சொல்லும் பொறிகள்

நான் பள்ளியில் பயின்ற நாளில், என் தமையனார் பயன்படுத்திய மடக்கை வாய்ப்பாட்டு நூலே எனக்கும் வாய்த்தது. பலர் கைபட்டுத் தேய்ந்த நூல் அது. அதில் ஓரிடத்தில் மை மங்கி, ஓர் இலக்கம் மூன்று போலவும் எட்டுப் போலவும் தோன்றும். தேர்வு ஒன்றில் நான் அதை மூன்று என்று படித்தேன். உண்மையில் அது எட்டு. வழிமுறை முழுவதும் சரியாக இருந்தும் விடை தவறிப்போயிற்று. தாளைத் திருப்பித் தந்த கணக்காசிரியர், "தம்பி, கணக்குச் சரி, எண்ணைப் பார்த்ததுதான் பிழை. ஆனாலும் மதிப்பெண் கிடையாது" என்றார். அன்று அது கொடுமையாகப்பட்டது. இன்று எண்ணிப் பார்க்கும்பொழுது, கணிப்பொறியின் வரலாற்றிலேயே ஒரு பெரும் பகுதி அந்தச் சொல்லுக்குள் அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது.

கணிப்பொறி எவ்வாறு கணக்கிடுகிறது என்பதைப் பற்றிப் பலர் பேசியிருக்கிறார்கள். கணக்கிட்டதை அது மனிதனுக்கு எவ்வாறு தெரிவிக்கிறது என்பதைப் பற்றியே நான் இப்போது சில சொல்ல விரும்புகிறேன்.

1821ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்னும் கணித அறிஞர், தம் நண்பர் ஜான் ஹெர்ஷலுடன் அமர்ந்து வானநூல் அட்டவணைகளை ஒப்பிட்டுக் கொண்டிருந்தார். பக்கத்துக்குப் பக்கம் பிழைகள் மலிந்திருந்தன. இக்கணக்குகளை நீராவியே செய்துவிடலாகாதா என்று அவர் சலித்துக் கொண்டாராம். கடலில் செல்லும் மாலுமி தன் கப்பல் நிற்கும் இடத்தை அறிவதற்கு இத்தகைய அட்டவணைகளையே நம்பியிருந்த காலம் அது. ஓர் இலக்கம் பிறழ்ந்தால் கப்பல் பாறையில் மோதவும் கூடும்.

பாபேஜ் கண்ட உண்மை ஒன்று நம் கவனத்துக்குரியது. பிழை கணக்கிடுவதில் மட்டும் நேர்வதன்று. விடையைப் பார்த்து எழுதுவதிலும், அச்சுக் கோப்பதிலும் நேர்கிறது. ஆகவே பொறி கணக்கிட்டால் மட்டும் போதாது, விடையையும் அதுவே அச்சிட வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். அச்சுத் தகடு வார்ப்பதற்கான அச்சுக்குழியையும் பொறியே பதித்துத் தருமாறு திட்டமிட்டார். படிப்பவர் கண்ணையும் அவர் மறக்கவில்லை. எந்த நிறத் தாளில் எந்த நிற மையால் அச்சிட்டால் கண் களைப்படையாது என்று ஆராய, 1831இல் மடக்கை வாய்ப்பாட்டின் மாதிரிப் பக்கங்களைப் பற்பல வண்ணங்களில் அச்சிட்டு 21 தொகுதிகளாக அமைத்தார்.

அவர் வாழ்நாளில் அப்பொறி நிறைவேறவில்லை. 1842இல் அரசாங்கம் கைவிரித்துவிட்டது. பின்னர் அவர் வரைந்த இரண்டாம் திட்டத்தின்படி லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தார் கணக்கிடும் பகுதியை 1991இல் கட்டி முடித்தார்கள். அச்சிடும் பகுதியும் சேர்ந்து முழுப் பொறியாக நிறைவுற்றது 2002இல்தான். அதன் எடை ஏறத்தாழ 5 டன்.

மின்னணுக் கணிப்பொறிகளின் காலம் பிறந்தபோது விடை எந்த உருவில் வந்தது? 1948இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வில்லியம்ஸ், கில்பர்ன், டூட்டில் என்னும் மூவரும் ஒரு கண்ணாடிக் குழாயின் முகத்தை நோக்கி நின்றார்கள். 2,62,144 என்னும் எண்ணுக்கு, அவ்வெண் நீங்கலாக உள்ள மிகப்பெரிய வகுத்தியைக் காணுமாறு பொறியை ஏவியிருந்தார்கள். 52 நிமிடங்கள் கழித்து விடை வந்தது. அது 1,31,072 என்று எழுத்தில் வரவில்லை. ஒளிப்புள்ளிகளும் சிறு கோடுகளுமாகக் குழாயின் முகத்தில் நின்றது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அப்பொறியைக் கட்டியவர்களே. மறு ஆண்டு மே 6ஆம் நாள், பாபேஜ் ஒரு காலத்தில் பேராசிரியராக வீற்றிருந்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், எட்சாக் என்னும் கணிப்பொறி எண்களின் வர்க்கங்களைத் தொலை அச்சுப்பொறியில் தானே அச்சிட்டுத் தந்தது. எண்ணைப் படிக்கத் தெரிந்த எவரும் அத்தாளைப் படிக்கலாம்.

விடை தெளிவாக வந்துவிட்டால் தொல்லை தீர்ந்ததா? இல்லை. 1952 நவம்பர் 4ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் நடைபெற்றது. பிலடெல்பியாவிலிருந்த யூனிவாக் கணிப்பொறி, வாக்குகளில் ஒரு சிறு பகுதி எண்ணப்பட்ட நிலையிலேயே ஐசன்ஹோவருக்கு 438, ஸ்டீவன்சனுக்கு 93 என்று கணித்தது. போட்டி கடுமையாக இருக்கும் என்றே எல்லாரும் எண்ணியிருந்தார்கள். ஆகையால் பொறுப்பிலிருந்தவர்கள் அவ்விடையை நம்பாமல் வெளியிடாது வைத்துக்கொண்டார்கள். இறுதி முடிவோ 442க்கு 89! பொறி சொன்னதை மறைத்தோம் என்று அன்றிரவே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. இதில் மற்றொரு வேடிக்கையும் உண்டு. தொலைக்காட்சி நிலையத்தில் விளக்குகள் மின்ன நேயர்களுக்குக் காட்டப்பட்டது வெறும் போலிப் பெட்டி. காட்சிக்கு வைத்தது பொய். உள்ளே வைத்துப் பூட்டியது மெய்.

இனி இரண்டு எண்களின் கதையைச் சொல்லி என் பேச்சை முடிக்கிறேன்.

1969 ஜூலை 20ஆம் நாள் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்டிரினும் சந்திரனில் இறங்கிக்கொண்டிருந்தபோது, அவர்கள் முன்னிருந்த சிறு பலகையில் 1202 என்னும் எச்சரிக்கை எண் தோன்றியது. அதன் பொருள் என்ன என்று ஆம்ஸ்ட்ராங் கேட்டார். பூமியிலிருந்த ஜாக் கார்மன் என்னும் இளம் பொறியாளர், எச்சரிக்கை எண்களின் பொருளை முன்னதாகவே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். கணிப்பொறிக்கு வேலை மிகுந்துவிட்டது. அது முக்கியமான வேலைகளை விடாமல் செய்துவருகிறது. ஆகவே இறங்கலாம் என்பது தெளிவாயிற்று. ஏறத்தாழ அரை நிமிடத்தில் விடை சென்றது, அவர்கள் இறங்கினார்கள்.

மற்றோர் எண் 54. 1986 மார்ச்சில், அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து மருத்துவமனை ஒன்றில், தெராக்-25 என்னும் கதிர்வீச்சு மருத்துவப் பொறியின் திரையில் 'கோளாறு 54' என்ற சொற்கள் தோன்றின. அது எத்தகைய கோளாறு என்று திரை விளக்கவில்லை. நோயாளிக்குச் சென்ற கதிர்வீச்சு மிகக் குறைவு என்றும் அத்திரை காட்டியது. சிறு கோளாறுகளைக் காட்டிக் காட்டி அப்பொறி தன்னை இயக்குவோரைப் பழக்கியிருந்தது. ஆகவே இயக்கியவர், மேலே செல்க என்னும் விசையை அழுத்தினார். உண்மையில் நோயாளியின் உடலில் அளவுக்கு மீறிய கதிர் பாய்ந்திருந்தது. சில மாதங்களில் அவர் உயிர் துறந்தார். மூன்று வாரங்களுக்குப் பின் அதே மருத்துவமனையில் அதே எண் மீண்டும் தோன்றிற்று. அதன் பிறகே, அங்கிருந்த இயற்பியலாளரும் பொறியை இயக்கியவரும் விடாது முயன்று, கோளாறு எவ்வாறு நேர்கிறது என்று கண்டறிந்தார்கள். 1985 முதல் 1987 வரை அப்பொறியால் ஆறு பேர் இவ்வாறு துன்புற்றார்கள்.

இரண்டும் எண்களே. முதல் எண்ணுக்குப் பொருள் சொல்ல ஒருவர் ஆயத்தமாக இருந்தார். இரண்டாவதற்கு அப்படி ஒருவரும் இல்லை. இருவகைக் கணிப்பொறிகளையும் அமைத்தவர்கள் மனிதர்களே. ஆதலால் பழியைப் பொறியின்மேல் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்குவதற்கில்லை.

மாணவ நண்பர்களே, இன்று கணிப்பொறி வண்ணத் திரையில் எழுதுகிறது, குரலாகப் பேசுகிறது, கண்ணில்லாதவர் விரலுக்குப் புள்ளி எழுத்துகளை உயர்த்திக் காட்டுகிறது. உங்களுள் சிலர் நாளை இத்தகைய பொறிகளை அமைக்கக்கூடும். விடை சரியாக இருந்தால் போதும், படிப்பவர் பாடு அவருடையது என்று அப்போது எண்ணிவிடாதீர்கள். உங்களுள் பலர் அப்பொறிகளைப் பயன்படுத்துவீர்கள். திரையில் தோன்றும் எண்ணின் பொருள் விளங்காதபோது, விசையை அழுத்துமுன் கேளுங்கள். மங்கிய இலக்கத்தை ஊகித்துப் படித்து மதிப்பெண் இழந்தவன் சொல்கிறேன். பக்கத்திலிருந்தவனின் நூலை ஆசிரியரிடம் கேட்டு வாங்கிப் பார்த்திருந்தால், அன்று எனக்கு ஒரு நிமிடம்தான் செலவாகியிருக்கும்.