இறந்தவர் மூளையும் இருப்பவர் மூளையும்

பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் ஒரு காலத்தில் வெடிமருந்துச் சாலை. 1656-இல் அது ஏழைகளின் விடுதியாயிற்று. நாதியற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே அடைபட்டு மடிந்தனர். நரம்பு மருத்துவம் தன் அரிச்சுவடியைக் கற்றது அவர்களுடைய உடல்களில்தான்.

அங்கு பணியாற்றிய சார்க்கோ என்ற வைத்தியர் 1868-இல் 'மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ்' என இன்று நாம் அழைக்கும் நோயைத் தெளிவுற வரையறுத்தார். கை நடுங்கும், பார்வை மங்கும், கால் தளரும். நரம்பிழைகளைப் போர்த்திய மயலின் உறை சிதைந்து, மூளையிலும் முண்ணாணிலும் தழும்புகள் இறுகுகின்றன. சார்க்கோவின் வீட்டிலேயே கை நடுங்கும் பணிப்பெண் ஒருத்தி இருந்தாள். அவள் உடைத்த பாத்திரங்களால் பெருநட்டம் நேர்ந்தும், நோயை ஆராயும் ஆவலால் அவளை அவர் விலக்கவில்லை என்று, அவரிடம் பயின்ற பிராய்ட் 1893-இல் எழுதினார். அவள் இறந்த பின்னரே நோயின் உண்மை புலனாயிற்று. வைத்தியரின் பெயர் நிலைத்தது; அவளையோ உடைந்த பாத்திரங்களைக் கொண்டே நினைவுகூர்கிறோம்.

நூறாண்டுக்கு மேலாக இதுவே நிலை. உயிரோடிருப்பவரின் தழும்பை எக்ஸ் கதிர் காட்டவில்லை. 1970-களில் வந்த சி.டி. படமும் சிலவற்றையே காட்டியது.

1946-இல் புளொக், பேர்செல் ஆகியோர் அணுக்கருக் காந்தப் பரிவை அளந்தனர். 1973-இல் லோட்டர்பர் அதனைப் படமாக்கும் வழியைக் கண்டார். உடலின் நீரிலுள்ள ஐதரசன் அணுக்கருக்கள் வலிய காந்தத்தில் ஒழுங்குபடும். வானொலி அலையால் அவ்வொழுங்கைக் குலைத்தால், அவை மீளும் நேரம் நலமுள்ள திசுவில் ஒருவாறும் சிதைந்த திசுவில் வேறொருவாறும் அமையும். அந்த வேற்றுமையே படம்.

1981-இல் இலண்டன் ஹாமர்ஸ்மித் வைத்தியசாலையில் நோயாளர் பதின்மரை இவ்வாறு படமெடுத்தனர். சி.டி. காட்டிய தழும்புகள் 19. புதிய முறை அவற்றுக்கு மேலாக 112 தழும்புகளைக் காட்டியது. இவ்வெண்களின் முன் நாம் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். பின்னர் அதே நோயாளரை மீண்டும் மீண்டும் படமெடுத்த ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது: நோயாளி நலமாயிருப்பதாகத் தோன்றும் நாட்களிலும் புதிய தழும்புகள் பிறக்கின்றன. 'குணமாகிவிட்டது' என்று எண்ணிய இடைவெளி குணமன்று. 2001-இல் வகுத்த மக்டோனல்ட் நெறிகளின்படி, இரண்டாவது தாக்குதலுக்குக் காத்திராமல் படச் சான்றைக் கொண்டே நோயைத் துணிய இடமுண்டாயிற்று.

படமே எல்லாம் சொல்லிவிடும் என்பதற்கில்லை. தழும்பு மலிந்தவர் நடமாடுவதும் குறைந்தவர் படுத்துவிடுவதும் உண்டு. இதனினும் நம்மை உறுத்துவது வேறு. 2020-இல் உலகெங்கும் இந்நோயுற்றோர் ஏறத்தாழ 28 இலட்சம் பேர் எனக் கணித்தனர். ஆனால் அக்கணக்கில் ஏறுவதற்கே முதலில் நோய் கண்டறியப்பட வேண்டும். ஏழை நாடுகளில் அப்பொறி அரிது. இருக்குமிடத்திலும் அதன் வாயிலில் கட்டணம் காத்திருக்கிறது. அதைச் செலுத்த இயலாத பெண், கை நடுங்கும் காரணம் அறியாமலே, இன்றும் யாரோ ஒருவர் வீட்டில் பாத்திரம் துலக்குகிறாள்.