மன்றம் இல்லாத மாநகராட்சி: திருச்சியும் கொரோனாவும்

கொரோனா காலத்துல நம்ம திருச்சி மாநகராட்சி எப்படி வேலை பார்த்துச்சு? நூத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?

டீக்கடையில கேட்டா ஆளுக்கொரு பதில் வரும். "எங்க தெருவுக்கு தினமும் வந்து மருந்து அடிச்சாங்க"ன்னு ஒருத்தர் சொல்வார். "தகரத்தை வச்சு தெருவை அடைச்சதோட சரி"ன்னு இன்னொருத்தர் சொல்வார். ரெண்டுமே உண்மையா இருக்கலாம். எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒண்ணு இருக்கு. இந்த மார்க்கைப் போட வேண்டியது யாரு?

அதுக்குக் கொஞ்சம் பழைய கதைக்குப் போகணும் மக்களே, பொறுமையா வாங்க :-)

திருச்சிராப்பள்ளி நகராட்சி பிறந்தது 1866ல். அதுக்கு முந்தின வருஷம் வந்த நகர மேம்பாட்டுச் சட்டத்தோட கீழே. தேர்தல் கீர்தல் எல்லாம் கிடையாது. கலெக்டர்தான் தலைவர், மத்தவங்க அரசாங்கம் நியமிச்ச ஆளுங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்துக்கு 1871ல் தனி நகராட்சி வந்தது. 1882ல் ரிப்பன் பிரபு தல சுயாட்சித் தீர்மானத்தைக் கொண்டு வந்தார். அதுல அவர் சொன்னதோட சாரம் இதுதான்: அதிகாரிகளை விட உள்ளூர்க்காரங்க உடனே நல்லா நிர்வாகம் பண்ணிடுவாங்கன்னு இல்லை, ஆனா தன் ஊரைத் தானே பார்த்துக்க ஜனங்க பழகணும். மெல்ல மெல்லத்தான் ஊர்க்காரன் ஓட்டுப் போட்டு ஆள் அனுப்பற காலம் வந்தது.

தொற்றுநோய் ஸ்ரீரங்கத்துக்குப் புதுசு இல்லை. வைகுண்ட ஏகாதசிக்கு லட்சக்கணக்குல கூடற ஊர். அந்தக் காலத்துல திருவிழாக் கூட்டம்னாலே காலரா பயம் கூடவே வரும். 1939 மதராஸ் பொது சுகாதாரச் சட்டத்துல திருவிழா, சந்தைகளுக்குன்னே ஒரு தனி அத்தியாயம் இருக்கு. குடிதண்ணி, கக்கூஸ், வைத்திய வசதி, நோய் கண்டவங்களைத் தனியா வைக்கறதுன்னு எல்லாம் உள்ளாட்சி பார்க்க வேண்டிய வேலை. 1994 ஜூன் 1 அன்னிக்கு திருச்சி மாநகராட்சி ஆனப்போ ஸ்ரீரங்கம் நகராட்சியும் பொன்மலை நகராட்சியும் அதுக்குள்ள சேர்ந்துடுச்சு. தனி மன்றம் வச்சிருந்த ஸ்ரீரங்கம் ஒரு கோட்டமா மாறுச்சு.

சரி, 2020க்கு வருவோம்.

மார்ச் 24 ராத்திரி நாடு பூரா ஊரடங்கு. நாம கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே உக்காந்தப்போ குப்பை வண்டி மட்டும் நிக்கலை. வீடு வீடா வந்து காய்ச்சல் இருக்கான்னு கேட்டது, தொற்று வந்த வீட்டுக் குப்பையைத் தனியா எடுத்தது, தெருவை அடைச்சது, திறந்தது, தகனமேடையில நின்னது... இதெல்லாம் செஞ்சது மாநகராட்சியோட கடைசிப் படியில இருக்கற ஆளுங்க. அவங்களுக்கு மார்க் குறைக்க எனக்கு மனசு வராது.

அடுத்தது மார்க்கெட். ஊருக்கு நடுவுல நெருக்கியடிச்சு நிக்கற காந்தி மார்க்கெட்டை மூடி, மொத்த வியாபாரத்தைப் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு மாத்தினாங்க. அந்த நேரத்துக்கு நியாயமான முடிவுதான். சென்னையில கோயம்பேடு மார்க்கெட்லேர்ந்து பல மாவட்டங்களுக்குத் தொற்று பரவினதைப் பார்த்தோமே. ஆனா காந்தி மார்க்கெட் திரும்பத் திறந்தது நவம்பர் கடைசியில, உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில தடை நீங்கின பிறகு. கள்ளிக்குடிக்குப் போகணுமா, பழைய இடத்துக்கே வரணுமாங்கற பழைய சண்டையும் நடுவுல சேர்ந்துக்கிச்சு. ஊரோட மார்க்கெட் எங்கே இருக்கணுங்கறதை அதிகாரி பேசினார், வியாபாரி பேசினார், கோர்ட்டு பேசுச்சு. ஊர் பேசறதுக்குன்னு ஓர் இடம் இல்லை.

ஏன் இல்லை? இதுதான் நான் சொல்ல வந்ததே. அப்போ திருச்சியில மாமன்றமே கிடையாது!

2011ல் தேர்ந்தெடுத்த மன்றத்தோட பதவிக்காலம் 2016 அக்டோபரோட முடிஞ்சது. அந்த மாசம் நடக்க வேண்டிய தேர்தலை, இட ஒதுக்கீடு சரியா செய்யலைங்கற வழக்குல உயர்நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. அப்புறம் வார்டு மறுவரையறை, வழக்கு, வாய்தா. மன்றத்தோட ஆயுள் அஞ்சு வருஷம், அது முடியறதுக்குள்ள தேர்தல் முடிஞ்சிருக்கணும்னு அரசியல் சட்டத்தோட 243யூ பிரிவு சொல்லுது. அது ஏட்டோட நின்னுச்சு. நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19ல். மேயரா மு. அன்பழகன் பொறுப்பேத்தது மார்ச் 4ல். கணக்குப் போட்டா அஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. ரெண்டு அலையும் அந்த இடைவெளிக்குள்ளயே வந்து போயிடுச்சு.

கொரோனாவாலதான் தேர்தல் நடக்கலைன்னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. நோய் வந்தப்பவே மன்றம் கலைஞ்சு மூணு வருஷத்துக்கு மேல ஓடிப்போச்சு. பக்கத்துக் கேரளாவுல 2020 டிசம்பர்ல, நோய்க்கு நடுவுலயே உள்ளாட்சித் தேர்தல் நடத்தினாங்க. நம்ம சட்டசபைத் தேர்தலும் 2021 ஏப்ரல் 6ல் ஜோரா நடந்துச்சே!

மன்றம் இல்லாதப்போ கமிஷனரே தனி அலுவலர். அதாவது கமிஷனர் ஃபைலை வைப்பார், தனி அலுவலர் அதைப் பாஸ் பண்ணுவார். ரெண்டு பேரும் ஒரே ஆள். இதுல எந்தத் தனி மனுஷரையும் நான் குத்தம் சொல்லலை. ராப்பகலா உழைச்ச அதிகாரிகள் இருந்தாங்க. ஆனா 9 லட்சம் பேருக்கு மேல இருக்கற ஊர், 65 வார்டு, கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர் கூட இல்லை. கலெக்டர் தலைமையில ஆரம்பிச்ச அதே 1866க்கு நாம திரும்பிப் போயிட்டோம்.

"கவுன்சிலர் இருந்திருந்தா மட்டும் என்ன கிழிச்சிருப்பார்?"னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. எல்லாரும் உத்தமர்னு நான் சொல்ல வரலை. ஆனா எவ்வளவு மோசமான கவுன்சிலரா இருந்தாலும் அடுத்த தேர்தலுக்கு நம்ம தெருவுக்கு வந்தாகணும். அந்த பயத்துலயாவது எந்த வீட்டுல தனியா கிழவி இருக்கா, எந்தச் சந்துல தண்ணி வரலைன்னு தெரிஞ்சு வச்சிருப்பார். 2021 மே 24லேர்ந்து காய்கறிக் கடையையும் மூடி வண்டியில கொண்டு வந்து வித்தாங்களே, எந்தத் தெருவுக்கு வண்டி வந்தது, எதுக்கு வரலைன்னு சொல்றதுக்கு அப்படி ஒரு ஆள் வேணும்.

இன்னொண்ணு, மன்றம்னு இருந்தா தீர்மானப் புத்தகம்னு ஒண்ணு இருக்கும். யார் எதிர்த்தாங்க, என்ன கேட்டாங்க, எவ்வளவு செலவுங்கறது கறுப்பு வெள்ளையில நிக்கும். 2020, 2021க்கு உத்தரவு இருக்கு, ரசீது இருக்கு, விவாதம் மட்டும் இல்லை. 2020 டிசம்பர் 25ல் ஸ்ரீரங்கத்துல பரமபத வாசல் திறந்த நேரத்துல பக்தர்களுக்கு அனுமதி இல்லை. எத்தனை தலைமுறைக்கு ஒரு தடவை வர்ற முடிவு அது! அதைப் பத்தி ஸ்ரீரங்கத்துக்காரங்க சார்பா பதிவான ஒரு பேச்சு உண்டா? உத்தரவு வந்தது, அமலாச்சு, அவ்வளவுதான்.

அதனால என் மார்க் ஷீட் இப்படி: தெருவுல நின்ன பணியாளர்களுக்கு முழு மார்க். அதிகாரிகளுக்கு, இருந்த நிலைமையில, பாஸ். எங்களுக்கு மன்றமே இல்லாம அஞ்சு வருஷம் ஓட்டின அரசியலுக்கு முட்டை.

மாமன்றம் திரும்ப வந்தாச்சு. அது செய்ய வேண்டிய ஒரு வேலை பாக்கி இருக்கு. அந்த ரெண்டு வருஷக் கணக்கையும் கோட்டம் கோட்டமா மேசை மேல வச்சு, என்ன சரியாச்சு, எது தப்பாச்சுன்னு ஒரு நாளாவது உக்காந்து பேசி எழுதி வைக்கணும். அடுத்த நோய் சொல்லிட்டு வராது. அது வர்றப்போ எடுத்துப் படிக்க நம்ம கையில ஒரு நோட்டு இருக்கணும். அதுவரைக்கும் நாமளே எழுதுவோம். உங்க தெருவுல என்ன நடந்துச்சுன்னு, ஞாபகம் இருக்கும்போதே, தேதியோட எழுதி வைங்க.