இணையதள ஆய்வுக் கருவிகள்

இணையதளம் நடத்துவோரும், அவர்களுக்குச் சர்வரில் இடம் வாடகைக்கு விடும் ஹோஸ்டிங் நிறுவனத்தாரும் தங்கள் தளத்தின் நிலையை வெளியிலிருந்து சோதித்தறியப் பயன்படுத்தும் இணையவழிச் சேவைகள் இணையதள ஆய்வுக் கருவிகள் எனப்படும். டொமைன் யாரிடம் பதிவாகியுள்ளது, அது எந்தச் சர்வரைச் சுட்டுகிறது, சர்வர் இயங்குகிறதா, பாதுகாப்புச் சான்றிதழ் எப்போது காலாவதியாகும், அனுப்பிய மின்னஞ்சல் ஏன் ஸ்பேம் பெட்டிக்குப் போகிறது என்பன போன்ற கேள்விகளுக்கு இவை விடை தருகின்றன. பெரும்பாலானவை இலவசம், தளத்தின் பெயரைத் தட்டினால் போதும்.

தளத்துக்காரர் தம் கணினியில் பார்ப்பதை மட்டும் நம்ப முடியாது. அவருடைய பிரவுசர் பழைய பக்கத்தைச் சேமித்து வைத்திருக்கலாம். அவருக்கு இணைப்பு தரும் நிறுவனத்தின் நேம்சர்வர் (டொமைன் பெயருக்குரிய எண் முகவரியைச் சொல்லும் சர்வர்) பழைய முகவரியையே இன்னும் நினைவில் வைத்திருக்கலாம். ‘எனக்குத் திறக்கிறது, வாடிக்கையாளருக்குத் திறக்கவில்லை’ என்ற வழக்கில் இரு தரப்பும் உண்மையே பேசுகின்றன. மூன்றாவது இடத்திலிருந்து பார்த்துச் சொல்ல ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி வேலையைத்தான் இக்கருவிகள் செய்கின்றன.

தோற்றம்

இன்று வண்ணப் பொத்தான்களோடு கிடைக்கும் இக்கருவிகளில் தலையாயவை வலை தோன்றுவதற்கு முன்பே இருந்தவை. 1970களில், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இணைந்திருந்த கணினிகளின் பெயர்களும் எண் முகவரிகளும் ஒரே ஒரு கோப்பில் அடங்கியிருந்தன. கலிபோர்னியாவில் மென்லோ பார்க்கில் இருந்த எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தின் பிணையத் தகவல் மையம் அதைப் பராமரித்தது. எலிசபெத் ஃபைன்லர் அம்மையத்தின் தலைவர். புதிதாகக் கணினி இணைப்பவர் மையத்துக்குத் தெரிவிப்பார். மையம் கோப்பில் ஒரு வரி சேர்க்கும். மற்றவர்கள் அந்தக் கோப்பை எடுத்துக்கொள்வார்கள். யாருடைய கணினி, பழுது என்றால் யாரைக் கேட்பது என்ற விவரமும் அங்கேயே இருந்தது.

அந்த விவரத்தைத் தொலைவிலிருந்து கேட்டுப் பெற ஏற்பட்டதே ஹூஇஸ். அதை விவரிக்கும் ஆர்.எஃப்.சி. 812 என்ற ஆவணத்தைக் கென் ஹாரன்ஸ்டீனும் விக் வைட்டும் 1982இல் எழுதினார்கள். அமைப்பு மிக எளிது. சர்வரின் 43ஆம் போர்ட்டில் இணைந்து ஒரு வரி அனுப்ப வேண்டும். சர்வர் தன்னிடமுள்ளதை வெறும் எழுத்தாகக் கொட்டிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடும். கடவுச்சொல் கிடையாது, கேட்பவர் யார் என்ற விசாரணையும் கிடையாது. விடை எந்த எழுத்துக் குறியேற்றத்தில் வருகிறது என்று அறிவிக்கவும் வழி இல்லை. ஆங்கிலம் தவிர வேறு மொழிப் பெயர்கள் இதில் நெடுங்காலம் ஒழுங்காக இடம்பெறாததற்கு இதுவே காரணம்.

பிணையத்தின் வழியே தகவல் அனுப்பக்கூடிய ஒவ்வொருவரும் பெயர், அஞ்சல் முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றைப் பதிய வேண்டும் என்று அந்த ஆவணம் கேட்டுக்கொண்டது. ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்களும் இராணுவத்தாரும் மட்டுமே இருந்த காலம் அது. பின்னாளில் உலகமே உள்ளே வந்தபோதும் அதே வழக்கம் தொடர்ந்தது. சென்னையில் துணிக்கடை வைத்திருப்பவர் தளம் தொடங்கிய மறுவாரமே ‘வெப்சைட் டிசைன் வேணுமா சார்’ என்று அழைப்புகள் வரத் தொடங்கியதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒரே கோப்பு வளர்ச்சிக்கு ஈடுகொடுக்கவில்லை. பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் டொமைன் பெயர் முறையை, அதாவது டி.என்.எஸ்.ஸை, வகுத்தார். 1985 மார்ச் 15இல் சிம்பாலிக்ஸ் என்ற கணினி நிறுவனம் முதல் டாட் காம் பெயரைப் பதிந்தது. அப்பெயர் இன்றும் இருக்கிறது. ஹூஇஸ் கருவியில் தட்டினால் ‘உருவாக்கிய நாள்’ என்ற இடத்தில் அந்த 1985ஆம் ஆண்டுத் தேதியே வரும். 1993 முதல் இன்டர்நிக் என்ற அமைப்பின் கீழ் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் பதிவுப் பணியைச் செய்தது. தொடக்கத்தில் பதிவு இலவசம். 1995 செப்டம்பரிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு 100 டாலர் வசூலிக்கப்பட்டது. 1998இல் டொமைன் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பு உருவாகி, அடுத்த ஆண்டிலிருந்து பல நிறுவனங்கள் பதிவாளர்களாகப் போட்டியிட்டுப் பெயர் விற்கத் தொடங்கின. டாட் காமின் மையப் பதிவகத்தில் பதிவாளர், தேதிகள், நேம்சர்வர்கள், நிலைக் குறிகள் மட்டும் இருந்தன. உரிமையாளர் விவரம் அவரவர் பதிவாளரிடம் சிதறிப்போனது. இரண்டு இடத்திலும் கேட்டு விடையை ஒன்றாகத் தருவதற்காகவே ஹூஇஸ் தேடல் தளங்கள் முளைத்தன.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுக் காப்புச் சட்டம் 2018 மே 25இல் நடைமுறைக்கு வந்ததும் உரிமையாளர் பெயரும் முகவரியும் திரைக்குப் பின்னே போயின. தொல்லை அழைப்புகள் குறைந்தன என்பது மெய். ஆனால் போலித் தளத்தைக் கண்டுபிடித்தவர் அதன் சூத்திரதாரியைத் தேட முடியாமல் போனதே பெரிய இழப்பு. நேர்மையாகத் தளம் நடத்துபவருக்கு மறைக்க என்ன இருக்கிறது? 2015இல் தரப்படுத்தப்பட்ட ஆர்டாப் என்ற புதிய நெறிமுறை விடையைக் கட்டமைத்த தரவாகவும் மறைகுறியிட்ட இணைப்பிலும் தருகிறது. பொதுவகை டொமைன்களில் ஹூஇஸ் சேவையை நடத்தியாக வேண்டும் என்ற கட்டாயம் 2025 ஜனவரி 28இல் முடிந்தது. மக்கள் வழக்கில் இரண்டுக்கும் ஹூஇஸ் என்றே பெயர்.

உரிமையாளர் பெயர் மறைந்தாலும் ஹூஇஸ் விடையின் மீதிப் பகுதி பயனுள்ளது. முதலில் காண வேண்டியது காலாவதித் தேதி. டாட் காம் போன்றவற்றில் தேதி கடந்த உடனே பெயர் பறிபோவதில்லை. பதிவாளர் 45 நாள் வரை வைத்திருக்கலாம். நீக்கிய பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதில் கட்டணம் பன்மடங்கு. அதன் பின் 5 நாள் நீக்கக் காத்திருப்பு. ஆறாம் நாள் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நிலைக் குறி எந்தக் கட்டத்தைக் காட்டுகிறது என்று பார்த்தாலே இன்னும் எத்தனை நாள் அவகாசம் என்று தெரிந்துவிடும். டொமைன் தம் பேரில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு, பதிவு செய்துகொடுத்த டிசைனரின் கணக்கிலேயே அதை விட்டுவைத்திருப்போர் நம்மூரில் ஏராளம். இந்தச் சிக்கலை எந்தக் கருவியும் தீர்க்காது.

பிங், ட்ரேஸ்ரூட்

சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் பிங் நிரலை மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதினார். மேரிலாந்தின் அபர்டீனில் இருந்த அமெரிக்கத் தரைப்படை ஆய்வுக்கூடத்தில் அவர் பணியாற்றினார். பிணையம் ஒன்று கோளாறு செய்ய, காரணம் காண ஒரே மாலையில் அதை எழுதி முடித்ததாக அவரே பதிந்துள்ளார். சிறு தகவல் பொதி ஒன்றை அனுப்பி, எதிரொலி திரும்ப எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று அளப்பதே அதன் வேலை.

இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் ஹோஸ்டிங் விளம்பரத்தையே சரிபார்க்கலாம். ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கி.மீ. செல்கிறது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறக்குறைய 2,900 கி.மீ. ஆக, போய்வர 29 மில்லிநொடிக்குக் குறையாது. நடைமுறையில் சற்றுக் கூடும். சிங்கப்பூர் சர்வர் என்று சொல்லி விற்ற இடம் சென்னையிலிருந்து எப்போதும் 230 காட்டினால், பொதி வேறு கண்டத்தைச் சுற்றி வருகிறது, அல்லது சர்வர் சிங்கப்பூரில் இல்லை.

வழியில் எங்கே தடை என்று காட்டும் ட்ரேஸ்ரூட்டை 1980களின் இறுதியில் வான் ஜேக்கப்சன் எழுதினார். ஒவ்வொரு பொதியிலும் ஆயுள் எண் ஒன்று உண்டு. வழியிலுள்ள ஒவ்வொரு ரௌட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். சுழியம் ஆனால் பொதியைக் கைவிட்டு, அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். ஆயுள் 1 என்று அனுப்பினால் முதல் ரௌட்டர் தன் முகவரியைச் சொல்லிவிடும். 2 என்றால் இரண்டாவது. இப்படியே பாதை முழுவதும் வெளிப்பட்டுவிடும். பொதி சுற்றிச் சுற்றி வராமலிருக்க வைத்த ஏற்பாட்டைத் துப்புத் துலக்கப் பயன்படுத்தியது அபாரமான தந்திரம். நடுவில் மூன்று நட்சத்திரங்கள் வந்தால் பலர் பதறுகிறார்கள். அந்த ரௌட்டர் பதில் சொல்வதில்லை என்பதே அதன் பொருள்; அடுத்த வரிகள் ஒழுங்காக இருந்தால் கவலைக்கிடமில்லை. பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்கள் தங்கள் பிணையத்துக்குள்ளிருந்தே பிங்கும் ட்ரேஸ்ரூட்டும் ஓட்டிப் பார்க்க ‘லுக்கிங் கிளாஸ்’ என்ற பக்கத்தை வைத்திருக்கும். இடம் வாங்குமுன் அதைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

வகைகள்

இக்கருவிகளை அவை எழுப்பும் கேள்வியைக் கொண்டு வகுக்கலாம். பெயர் பற்றியவை, பாதை பற்றியவை, சான்றிதழ் பற்றியவை, அஞ்சல் பற்றியவை, பக்கம் பற்றியவை என ஐந்து. ஹூஇஸ் முதல் வகை; பிங்கும் ட்ரேஸ்ரூட்டும் இரண்டாம் வகை.

டி.என்.எஸ். பதிவுகளைக் காட்டும் கருவிகளும் முதல் வகையே. சர்வர் மாற்றியபின் ‘48 மணி நேரத்தில் உலகெங்கும் பரவும்’ என்று வாடிக்கையாளருக்குச் சொல்வது ஹோஸ்டிங் தொழிலின் வழக்கம். ஊர் ஊராகப் பரவுவது எதுவும் இல்லை. ஒவ்வொரு நேம்சர்வரும் பழைய விடையைக் குறிப்பிட்ட விநாடிகள் வைத்திருந்து, பிறகு புதிதாகக் கேட்கிறது. அந்த அளவு 86,400 என்றால் ஒரு நாள். மாற்றத்துக்கு ஒரு நாள் முன்பே அதை 300 ஆகக் குறைத்துவிட்டால், முகவரி மாற்றம் பெரும்பாலோருக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பல நாட்டு நேம்சர்வர்களைக் கேட்டுப் பச்சைக் குறியும் சிவப்புக் குறியும் காட்டும் தளங்கள் அதைக் கண்காணிக்க உதவுகின்றன.

தமிழ் எழுத்தில் டொமைன் வைத்திருப்போருக்கு இன்னொரு கருவி தேவைப்படும். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என மூன்று நாடுகளுக்குத் தமிழில் உச்சநிலை டொமைன்கள் உண்டு. டி.என்.எஸ். அவற்றை நேரடியாக ஏற்பதில்லை. பியூனிகோட் முறைப்படி எக்ஸ், என் என்ற இரு எழுத்துகளும் இரு சிறுகோடுகளும் முன்னே நிற்க, ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த சரமாக மாற்றிய பின்பே ஏற்கும். ஒரு பகுதியின் உச்ச நீளம் 63 எழுத்து. அது மாற்றிய சரத்துக்கான கணக்கு. தமிழில் சிறிதாகத் தெரியும் பெயர்கூட மாற்றியபின் நீண்டுவிடும் என்பதால், மாற்றிப் பார்த்துவிட்டே பதிய வேண்டும்.

அஞ்சல் வகையில் முதன்மையானது தடைப்பட்டியல் சோதனை. ஸ்பேம் அனுப்பும் முகவரிகளைப் பட்டியலிட்டு டி.என்.எஸ். வழியே வெளியிடும் முறை 1990களின் பிற்பாதியில் பால் விக்ஸியால் தொடங்கியது. இத்தகைய பட்டியல்களை வெளியிடும் ஸ்பாம்ஹாஸ் 1998இல் வந்தது. 192.0.2.99 என்ற முகவரி பட்டியலில் உள்ளதா என்று அறிய, எண்களைப் பின்னிருந்து முன்னாக 99.2.0.192 என்று திருப்பி, பட்டியலின் டொமைனை ஒட்டிக் கேட்க வேண்டும். 127.0.0 என்று தொடங்கும் விடை வந்தால் பொதுவாக மாட்டிக்கொண்டது என்று பொருள். அப்படி ஒன்றுமில்லை என்று வந்தால் தப்பியது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே முகவரியில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருக்கும். அண்டை வீட்டுக்காரர் வேர்ட்பிரஸ்ஸைப் புதுப்பிக்காமல் ஹேக்கரிடம் பறிகொடுத்து, அந்த முகவரி பட்டியலில் ஏறினால், நம் இன்வாய்ஸும் வாடிக்கையாளரைச் சேராது. அஞ்சல் உண்மையில் அந்த டொமைனிலிருந்தே வந்தது என்று உறுதிசெய்ய உதவும் எஸ்.பி.எஃப்., டி.கிம்., டிமார்க் என்ற மூன்று பதிவுகளும் சரியா என்று பார்க்கும் கருவிகளும் உள்ளன. 2024 பிப்ரவரி முதல், பெருமளவில் அஞ்சல் அனுப்புவோர் (கூகுளின் கணக்கில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5,000 அல்லது அதற்கு மேல்) மூன்றையும் வைத்தாக வேண்டும் என்று கூகுளும் யாகூவும் விதித்தன.

சான்றிதழ் வகையில் ஐவன் ரிஸ்டிச் 2009இல் தொடங்கிய எஸ்.எஸ்.எல். லேப்ஸ் புகழ்பெற்றது. அடுத்த ஆண்டே குவாலிஸ் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. சர்வரின் மறைகுறி அமைப்பை ஆராய்ந்து ஏ பிளஸ் முதல் எஃப் வரை தரம் தரும். தரம் எல்லார் கண்ணிலும் படும்படி முகப்புப் பட்டியலில் வரும். வேண்டாம் என்றால் சோதிக்குமுன் அதற்கான பெட்டியில் குறியிட வேண்டும். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தது. அதன் சான்றிதழ்களுக்கு வழக்கமான ஆயுள் 90 நாள். காலாவதி நினைவூட்டும் அஞ்சலை அது 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. புதுப்பித்தலை எந்திரத்திடம் ஒப்படைப்பதோடு, அது நடந்ததா என்று வெளியிலிருந்து கண்காணிக்கவும் ஒரு கருவியை அமர்த்துவது அவசியமாகிவிட்டது.

பக்கத்தைச் சோதிப்பவற்றில் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் ஹெச்.டி.எம்.எல். சரிபார்ப்பான் மூத்தது. பேட் மீனன் ஏ.ஓ.எல். நிறுவனத்தில் உருவாக்கிய வெப்பேஜ்டெஸ்ட், கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் ஆகியவை வேகத்தை அளக்கின்றன. 100க்கு 100 வாங்கித் தருவதாகச் சொல்லிக் காசு வாங்குவோர் உண்டு. மதிப்பெண்ணை விட, முதன்மைப் பகுதி 2.5 விநாடிக்குள் திரையில் வருகிறதா என்பதே வாசகருக்கு முக்கியம்.

இன்றைய நிலை

அப்டைம் கண்காணிப்பு, கூகுளின் சர்ச் கன்சோல், கிளவுட்ஃப்ளேர் போன்ற இடைநிலைச் சேவைகள், செயற்கை நுண்ணறிவுத் தேடுபொறிகளின் வருகையைக் கணக்கிடும் கருவிகள் எனத் துறை விரிந்துள்ளது. சர்வரின் உண்மை முகவரியை இடைநிலைச் சேவைகள் மறைத்துவிடுவதால் பிங், ட்ரேஸ்ரூட் விடைகள் பல தளங்களில் அச்சேவையின் வாசலோடு நின்றுவிடுகின்றன. சான்றிதழ்களின் உச்ச ஆயுள் படிப்படியாகக் குறைந்து 2029 மார்ச்சில் 47 நாளாகும்.