நோயாளர் வரலாற்று நூல்களும் மருத்துவப் பதிவுத் தேர்வும்: மலையகத் தோட்டங்களை முன்வைத்து

மருத்துவப் பதிவுத் தேர்வுக்கு ஆயத்தமாவோர் பெரிதும் நாடுபவை நோயாளர் வரலாற்று நூல்கள். ஒரு நோயாளியின் வயது, பால், முறைப்பாடு, உடற்பரிசோதனையில் கண்டவை, ஆய்வுகூட முடிவுகள் ஆகியவற்றை ஓரிரு பத்திகளில் தந்து, நோய் யாது, அடுத்துச் செய்யவேண்டியது யாது என வினவி, பின்னர் விடையை விளக்குவது இந்நூல்களின் அமைப்பு. யூஜின் டோய் தொகுத்த ‘கேஸ் ஃபைல்ஸ்’ வரிசையும் பாலிகாவின் ‘250 கேஸஸ் இன் கிளினிக்கல் மெடிசின்’ நூலும் இவ்வகையில் நன்கு அறியப்பட்டவை. இவை மருத்துவச் சிந்தனையின் பிற்பகுதியைச் செம்மையாகப் பயிற்றுகின்றன. ஆனால் நோயாளியின் ஒழுங்கற்ற பேச்சிலிருந்து பொருளுள்ளதைப் பிரித்தெடுக்கும் முற்பகுதியை வாசகருக்காகத் தாமே செய்து முடித்துவிடுகின்றன. இலங்கை மலையகத்தின் நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைத் தோட்ட மக்களுக்கு மருத்துவம் பார்க்கப்போகும் ஒருவருக்கு இக்குறை சிறியதன்று. நூலை வாசிக்கும் முறையை மாற்றுவதும், மலையக நோயாளரின் வரலாறுகளைப் புதிதாக எழுதிச் சேர்ப்பதுமே இதற்கு மாற்று என்பது இக்கட்டுரையின் வாதம்.

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பயின்றோர் இறுதி எம்.பி.பி.எஸ். தேர்வின் பின் ஓராண்டு உள்ளகப் பயிற்சி பெற்று மருத்துவராகப் பதிவு பெறுகின்றனர். வெளிநாட்டில் பட்டம் பெற்றுத் திரும்புவோர் இலங்கை மருத்துவ சபையின் பதிவுக்கெனத் தனித் தேர்வொன்றில், பரவலாக ‘இ.ஆர்.பி.எம்.’ எனச் சுட்டப்படுவதில், சித்தியடைய வேண்டும். நுவரெலியா கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுள் ஒன்றாகக் கொள்ளப்பட்டுப் பல்கலைக்கழக அனுமதியில் சிறப்பு ஒதுக்கீடு பெறுவது. அத்தகைய மாவட்டத்தில் தோட்டப் பாடசாலையில் தமிழில் படித்து வளர்ந்த ஒருவர், இவ்விரு வழிகளில் எதன்வழிச் சென்றாலும், மருத்துவத்தை ஆங்கிலத்திலேயே கற்கிறார். தேர்வுக்கு அவர் துணைகொள்ளும் நூல்களின் நோயாளிகளோ பெரும்பாலும் அமெரிக்க, பிரித்தானிய அல்லது இந்திய நகர மருத்துவமனைகளின் நோயாளிகள்.

நோயாளர் வரலாற்றைக் கொண்டு கற்பிக்கும் முறை ஆராய்ந்து ஏற்கப்பட்ட ஒன்று. ஹார்வர்டில் மாணவராயிருந்த வால்டர் கேனன், சட்டக்கல்வியில் வழக்குகளைக் கொண்டு பயிற்றியதைப் பார்த்து, மருத்துவத்துக்கும் அதுவே ஏற்றதென 1900இல் எழுதினார். ரிச்சர்ட் கேபட் 1906இல் அம்முறைக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். அதன் பயனுக்கு உளவியலும் காரணம் கூறுகிறது. படித்ததையே மீண்டும் படிப்போரைவிட, படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து மீட்க முயல்வோர் நெடுநாள் கழித்தும் மிகுதியாக நினைவில் வைத்திருக்கின்றனர் என்பதை ரோடிகரும் கார்பிக்கேயும் 2006இல் காட்டினர். ஆனால் 1978இல் எல்ஸ்டீனும் அவருடன் ஆய்ந்தோரும் வெளியிட்ட முடிவு இன்னும் கருதத்தக்கது: ஒரு நோயாளியிடத்துத் திறமையாகச் சிந்தித்த மருத்துவர் வேறொரு நோயாளியிடத்தும் அவ்வாறே சிந்திப்பார் எனக் கொள்ள இடமில்லை. மருத்துவத் திறன் நோய்தோறும் சூழல்தோறும் தனித்தனியே ஈட்டப்படுவதாயின், யாருடைய வரலாறுகளைக் கொண்டு ஒருவர் பயின்றார் என்ற கேள்வி பாடத்திட்டத்தின் நடுவே வந்து நிற்கிறது.

மூச்சுத்திணறலை எடுத்துக்கொள்ளலாம். நீடித்த நுரையீரல் அடைப்புநோய், அதாவது மூச்சுக்குழல்கள் நிலையாகச் சுருங்கிக் காற்றின் போக்குத் தடைப்படும் நோய், தேர்வு நூல்களில் பெரும்பாலும் பல்லாண்டு புகைபிடித்த முதிய ஆண் ஒருவரின் வடிவிலேயே வருகிறது. மாணவர் மனத்தில் புகையிலையும் இந்நோயும் அவ்வளவு இறுகப் பிணைந்துவிட, புகைபிடிக்காதவர் என்ற ஒரு சொல்லைக் கண்டதும் அவர் அதனைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுகிறார். தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்துக் காம்பராவில் புகைபோக்கியில்லாத விறகடுப்பின் முன் இளமை முதல் சமைத்துவரும் ஐம்பது வயதுப் பெண் தொழிலாளி ஒருமுறையும் சுருட்டைத் தொட்டிராதவராக இருக்கலாம்; விறகுப்புகையோ அவருடைய நுரையீரலை அதே வகையில் கெடுத்திருக்கக்கூடும். இத்துடன் முடிவதுமில்லை. கொழுந்துக் கூடையுடன் மலைச்சரிவில் ஏறும்போது மட்டும் மூச்சு வாங்குகிறது என அவர் சொன்னால், இரத்தச்சோகையையும், சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் சுருங்கிய இதய வால்வையும், காசநோயையும், ஆஸ்துமாவையும் ஒருங்கே எண்ண வேண்டியிருக்கிறது. இரத்தச்சோகை என உறுதிப்பட்ட பின்னும் உணவில் இரும்புச்சத்து போதாமை, கொக்கிப்புழு, மிகையான மாதவிடாய், அடுத்தடுத்த மகப்பேறு, மரபுவழி வரும் தலசீமியா என்பவை தனித்தனியே விசாரிக்கப்பட வேண்டியவை; உணவோடு அருந்தும் தேநீரும் இரும்புச்சத்தின் உறிஞ்சலைக் குறைக்கிறது. நூலிலோ இவ்வனைத்தும் ‘ஆறு மாத மூச்சுத்திணறல், புகைபிடித்தல் இல்லை’ என ஒரே வரியாகச் சுருங்கிவிடும். அடுப்பைப் பற்றிக் கேட்கத் தோன்றுவதே நோயறிதலின் பாதி. சுருங்கிய அவ்வரியை வாசிப்பவருக்கு அப்பாதியைப் பழகிக்கொள்ள வாய்ப்பே அமைவதில்லை.

குளவிக்கொட்டும் இத்தகையதே. உயிராபத்தான ஒவ்வாமை அதிர்ச்சிக்கு நூல்கள் வேர்க்கடலையையும் பெனிசிலினையும் காரணமாகக் காட்ட, தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் மலையில் கூடு கலைந்த குளவிகள் ஒரே நேரத்தில் பலரைக் கொட்டுகின்றன. வளர்ந்தோருக்கு 0.5 மில்லிகிராம் அட்ரினலினைத் தொடையின் வெளிப்புறத் தசையில் செலுத்துவது எங்கும் ஒன்றே. எனினும் பல கொட்டுகளின் நஞ்சு தசையையும் சிறுநீரகத்தையும் பின்னர் தாக்கக்கூடும் என்பதும், மலையிலிருந்து தோட்ட மருந்தகம் எவ்வளவு தொலைவு, அங்கு அட்ரினலின் உண்டா என்பதும் மலையக வரலாற்றில் மட்டுமே எழும் வினாக்கள்.

ஆகவே தேர்வுக்கு வாசிப்போர் வரலாற்றின் முதல் வாக்கியத்துடன் நூலை மூடி, தாம் கேட்கவேண்டிய வினாக்களையும், சாத்தியமான நோய்களைக் கடுமையும் நிகழ்தகவும் நோக்கி வரிசைப்படுத்திய பட்டியலையும் எழுதிய பின்னரே மேற்செல்வது நன்று. அதனினும் பயனுள்ளது தலைகீழ்ப் பயிற்சி: நூலின் சுருக்கத்தை நோயாளி தம் வாயால் சொல்லியிருக்கக்கூடிய தமிழ்ப் பேச்சாக விரித்து, உடன் பயில்வோர் ஒருவர் நோயாளியாக நடிக்க, மற்றவர் அதிலிருந்து சுருக்கத்தை மீளப் பெறுதல். டண்டியில் ரொனால்ட் ஹார்டன் 1975இல் அறிமுகப்படுத்திய, பல நிலையங்களில் குறித்த நேரத்துக்குள் திறன்களைச் சோதிக்கும் தேர்வுமுறைக்கும் இப்பயிற்சி நேரே உதவும். ஆயிரம் வினாக்களை விடையுடன் நெட்டுருச் செய்வோருக்கு எழுத்துத் தேர்வில் புள்ளி கிட்டலாம். நோயாளியின் படுக்கையருகே அந்த நெட்டுரு துணைவருவதில்லை.

உள்ளூர் வரலாறுகளைத் தமிழில் எழுத இயலுமா என்ற தயக்கத்துக்கு இடமில்லை. 1847இல் இலங்கை வந்து மானிப்பாயில் மருத்துவம் பயிற்றிய சாமுவேல் கிறீன், உடற்கூறு, மகப்பேறு, இரண சிகிச்சை முதலிய துறைகளின் ஆங்கில நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே மருத்துவர்களை உருவாக்கினார். தேர்வு ஆங்கிலத்திலிருப்பதால் விளக்கப் பகுதி ஆங்கிலத்தில் அமையலாம். நோயாளியின் கூற்று தமிழிலேயே இருக்கவேண்டும். நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலும், 2017இல் 150 படுக்கைகளுடன் புதிய கட்டடம் திறக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையிலும் இத்தகைய தொகுப்புக்கு வேண்டிய அனுபவம் நாள்தோறும் திரள்கிறது. தோட்ட மருத்துவ உதவியாளர்களின் அறிவும் அதில் இடம்பெற வேண்டும். நோயாளியை முதலில் காண்போர் பெரும்பாலும் அவர்களே.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு தோட்டத்தின் ஒரு பிரிவில் எல்லோரும் எல்லோரையும் அறிவர். பெயரை நீக்கினாலும் தொழில், குடும்பம், நிகழ்வு ஆகியவற்றைக் கொண்டு நோயாளி யாரென்பது வெளிப்பட்டுவிடும்; நஞ்சருந்தல் போன்ற வரலாறுகளில் அது குடும்பத்துக்கே தீங்காகும். எனவே நோயாளியின் ஒப்புதலுடன், பலருடைய வரலாறுகளைக் கலந்து ஒன்றாக்கி, வயதையும் தோட்டத்தையும் ஆண்டையும் மாற்றிவிடலாம். விறகடுப்பையும், கூடையின் பாரத்தையும், மருந்தகத்தின் தொலைவையும் மட்டும் மாற்றலாகாது. நோயின் காரணமும் சிகிச்சையின் தாமதமும் அவற்றில்தான் இருக்கின்றன.