கம்பம் பள்ளத்தாக்கில் இருசக்கர வாகன விபத்துகளும் பாதுகாப்பான ஓட்டமும்

மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். இவற்றுக்கு நடுவே தேனியிலிருந்து தெற்கே லோயர்கேம்ப் வரை கிடக்கும் முல்லைப் பெரியாற்றுப் பாசன நிலமே கம்பம் பள்ளத்தாக்கு. வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று இங்குள்ள ஊர்கள் எல்லாம் திண்டுக்கல்லிலிருந்து குமுளி வழியே கேரளம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 183-ஐ ஒட்டியே வளர்ந்தவை. 2023 ஜூனில் போடிநாயக்கனூர் வரை அகலப்பாதை ரயில் வந்தது. அந்தத் தடம் கம்பத்துப் பக்கம் திரும்பவில்லை. தோப்புக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போக, பஸ்ஸை விட்டால் இங்கே பெரும்பாலோருக்கு டூவீலர்தான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 100க்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்ற கணக்கோடு தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. அதே அறிக்கையில் இந்தப் பள்ளத்தாக்குக்குப் பொருந்தும் இன்னொரு தகவலும் இருக்கிறது: நாட்டின் விபத்துகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நேரான சாலைகளில் நடந்தவை. போடிமெட்டு, குமுளி மலைப்பாதை என்றால் இங்கே எல்லோருக்கும் பயம் உண்டு. அந்தப் பயமே ஓட்டுபவரை நிதானமாக ஓட்ட வைக்கிறது. சின்னமனூருக்கும் கம்பத்துக்கும் இடையே வயலை ஊடுருவிப் போகும் நேர்ச்சாலைக்கு அப்படி யாரும் பயப்படுவதில்லை. முதலில் பேச வேண்டியது அந்தச் சமதளத்தைத்தான்.

விலக்குகளும் புறவழிச்சாலைகளும்

நெடுஞ்சாலையிலிருந்து கிளைச்சாலை பிரியும் இடத்தைத் தேனி மாவட்டத்தில் விலக்கு என்பார்கள். க.விலக்கு, உப்புக்கோட்டை விலக்கு என்று ஊர்ப்பெயராகவே நிலைத்துவிட்டவையும் உண்டு. டீக்கடை, பஸ் நிறுத்தம், ஆட்டோ, குறுக்கே நடக்கும் ஆட்கள் எல்லாம் அங்கே ஒன்றாகக் கூடும். நெடுஞ்சாலை விரிவாக்கப்பட்டபோது ஊர்களுக்கு வெளியே புறவழிச்சாலைகள் வந்தன. ஊருக்குள் நெரிசல் குறைந்தது உண்மை. ஆனால் அந்தப் புதிய சாலை பழைய வயற்பாதைகளை வெட்டிக்கொண்டு போகிறது. தலைமுறைகளாகத் தோட்டத்துக்குப் போன தடத்தில் வரும் விவசாயி, இப்போது லாரிகளும் கேரளத்துக் கார்களும் விரையும் சாலையைத் தாண்டியாக வேண்டும். சாலையோ நடுவில் தடுப்பில்லாத இருவழிச் சாலை. முந்தப் பார்க்கும் கார் எதிர்த் தடத்தில் ஏறினால், ஒதுங்க ஓரம் மட்டுமே மிச்சம்.

இப்படிப்பட்ட சந்திப்புகளில் என்ன நடக்கிறது என்பதை அமெரிக்க ஆய்வாளர் ஹியூ ஹர்ட் 1981இல் வெளியிட்ட அறிக்கை விளக்கியது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ஏறத்தாழ 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை அவருடைய குழு நடந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்தது. வேறு வாகனத்தோடு மோதியவற்றில் சுமார் மூன்றில் இரண்டு பங்கில், மோட்டார் சைக்கிளுக்கு உரிய வழியை மறித்தது அந்த மற்ற வாகனம்தான். கார் ஓட்டியவர்கள் பைக்கைப் பார்க்கவே இல்லை, அல்லது பார்க்கும்போது நேரம் கடந்திருந்தது. உருவம் சிறிதாக இருப்பதால் பைக் தொலைவில் மெதுவாக வருவதுபோல் தோன்றும். 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் முகப்பு விளக்கு எப்போதும் எரிவதற்கு இதுவே காரணம். பகலில் எதற்கு என்று அதைத் துண்டித்து வைப்பவர்கள், தம்மைக் காட்டிக்கொடுக்கும் ஒரே ஒளியை அணைத்துவிடுகிறார்கள்.

60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு சுமார் 17 மீட்டர் போகும். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போகவே ஏறத்தாழ அந்த ஒரு விநாடி ஆகிவிடும். காய்ந்த தார்ச்சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தாலும் நிற்க மேலும் 23, 24 மீட்டர் வேண்டும். மொத்தம் 40 மீட்டர். 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் இது ஏறக்குறைய 22 மீட்டராகிறது. விலக்கு நெருங்கும்போது ஆக்சிலேட்டரைத் தளர்த்தி, விரல்களைப் பிரேக் மீது வைத்துக்கொண்டு, பஸ்ஸின் மறைவிலிருந்து விலகி, குறுக்கே நிற்கும் வண்டியின் முன்சக்கரத்தைக் கவனித்துக்கொண்டே கடப்பது அந்த 18 மீட்டரைச் சம்பாதித்துத் தரும். தேனி நகரத்து நேரு சிலைச் சந்திப்பிலும் இதே முறைதான். அங்கே வேகம் குறைவு என்றாலும், திரும்பும் பஸ்ஸின் இடது பக்கம் நுழைபவரை ஓட்டுநரால் பார்க்க முடியாது.

'முன் பிரேக்கைப் பிடித்தால் கவிழ்த்துவிடும்' என்று அண்ணனோ மாமாவோ சொல்லிக்கொடுத்ததை வாழ்நாள் முழுக்க நம்புகிறவர்கள் ஏராளம். பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்குப் போகிறது. நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் அழுத்தினால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கும். ஹர்ட் ஆராய்ந்தவர்களிலும் பெரும்பாலோர் வீட்டாரிடமோ நண்பர்களிடமோ தாமாகவோ ஓட்டக் கற்றவர்கள். நெருக்கடியில் முன் பிரேக்கைப் போதுமான அளவு பயன்படுத்தாதவர்கள். 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் வண்டிகளில் 125 சிசிக்கு மேற்பட்டவற்றுக்கு ஏபிஎஸ்ஸும், அதற்கு உட்பட்டவற்றுக்கு இரு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் பிரேக் அமைப்பும் கட்டாயம். பழைய வண்டி வைத்திருப்பவர், ஆளில்லாத சாலையில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து, முன்னதை மெல்ல மெல்ல இறுக்கிப் பழகிக்கொள்ள வேண்டும்.

காற்று, வைக்கோல், இருட்டு

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளிகள் வழியே பலமாக இறங்குகிறது. ஆண்டிபட்டி, தேனிப் பக்கம் காற்றாலைகள் நிற்பதும் அதனால்தான். தோப்பின் மறைவிலிருந்து திறந்த வெளிக்கு வரும் கணத்திலும், எதிரே ஒரு லாரி கடந்துபோன மறுகணத்திலும் வண்டி பக்கவாட்டில் தள்ளப்படும். வேகத்தைக் குறைத்து, முழங்கால்களால் டேங்கை அணைத்து, கைகளைத் தளர்வாக வைத்தால் வண்டி தானே நேராகும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பவரைத்தான் காற்று எதிர்த் தடத்துக்குக் கொண்டுபோகிறது.

அறுவடைக் காலத்தில் சாலைக்கு அகலமாக வைக்கோல் ஏற்றிய டிராக்டர்கள் அந்தியில் பின்விளக்கு இல்லாமல் ஊரும். ஓரத்தில் காயப்போட்ட தானியமும் கதிரும் டயருக்குப் பிடிமானம் தராது. அதன் மேல் பிரேக் பிடிக்கவோ திருப்பவோ கூடாது. எதிரே வருபவரின் விளக்குக் கண்ணைக் கூசச் செய்யும்போது பார்வையை இடது ஓரக் கோட்டுக்கு நகர்த்தி வேகத்தைக் குறைப்பதே வழி. இரவில் விளக்கின் வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகம், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டும் வேகம்.

மலைப்பாதைகள்

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறவேண்டும். லோயர்கேம்பிலிருந்து குமுளி, கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு, சின்னமனூரிலிருந்து மேகமலை ஆகியவை மற்ற ஏற்றங்கள். இறக்கத்தில் பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில் விடுவது இந்தப் பாதைகளில் மிகக் கெட்ட பழக்கம். எஞ்சின் தரும் தடுப்பு போய்விடுவதால் முழுச் சுமையும் பிரேக்கின் மேல் விழும். சூடேறிய டிரம் பிரேக் ஒரு கட்டத்தில் பிடிக்காது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். வளைவில் பஸ்ஸுக்குச் சாலை முழுவதும் தேவைப்படும் என்பதால், ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே நின்று வழிவிட வேண்டும்.

காலையிலும் மாலையிலும் ஏலத்தோட்டத் தொழிலாளர்களின் ஜீப்புகள் நேரத்தோடு போட்டி போட்டுக்கொண்டு ஓடும். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை செல்லும் வாகனங்கள் சேரும்போது, போகிறவர்களைக் கம்பம்மெட்டு வழியாகவும் திரும்புகிறவர்களைக் குமுளி வழியாகவும் அனுப்பும் ஒருவழி ஏற்பாட்டைப் போலீஸார் செய்வதுண்டு. அது வடகிழக்குப் பருவமழைக் காலமும் கூட. ஈரச் சாலை, உருண்ட கல், பனிமூட்டம், நாள் முழுக்கத் தூங்காமல் ஓட்டிவரும் வேன் ஓட்டுநர் ஆகிய எல்லாவற்றையும் எதிர்பார்த்தே இரவில் மலையேற வேண்டியிருக்கும். விடியும்வரை காத்திருக்க முடிந்தால் காத்திருப்பது நல்லது.

பின்னால் இருப்பவர்கள்

பால் கேனும் உரமூட்டையும் வாழைத்தாரும் சுமக்கும் டிவிஎஸ் எக்ஸெல் பள்ளத்தாக்கின் உழைப்பாளி. சுமை பின்சக்கரத்துக்குப் பின்னால் தொங்கினால் முன்சக்கரம் லேசாகித் திருப்பம் பிடிபடாது. ஒரு பக்கமாக உட்கார்ந்து கைக்குழந்தையையும் பிடித்துக்கொண்டு வரும் பெண்ணுக்கு வேகத்தடையில் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. இரு பக்கமும் கால் போட்டு உட்காருவதே பாதுகாப்பு. மத்திய மோட்டார் வாகன விதி 123 கைப்பிடி, காலடிப் படி, பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் சேலைத் தடுப்பு ஆகியவற்றைக் கேட்கிறது. அழகுக்காகத் தடுப்பைக் கழற்றிய வண்டியில் துப்பட்டாவோ முந்தானையோ சக்கரத்தில் சிக்கினால் கழுத்தே இறுகும். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையோடு சென்றால் பாதுகாப்புப் பட்டியும் குழந்தைக்கான ஹெல்மெட்டும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022இல் அறிவிக்கப்பட்டது. பதினெட்டு நிரம்பாத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு.

ஹெல்மெட்

1935இல் இங்கிலாந்தில், 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று அறியப்பட்ட டி. இ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலைக்காயத்தால் இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் ஒருவரான மூளை அறுவை நிபுணர் ஹியூ கெய்ர்ன்ஸ், போர்க்காலத்தில் மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டுசென்ற ராணுவ வீரர்களின் தலைக்காயங்களைத் தொடர்ந்து ஆராய்ந்து 1941இல் ஹெல்மெட்டின் பயனை நிறுவினார். பிற்காலத்து ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஹெல்மெட் இறப்பு வாய்ப்பைச் சுமார் 42 விழுக்காடும் தலைக்காயத்தைச் சுமார் 69 விழுக்காடும் குறைப்பதாகத் தெரிந்தது. தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2015 ஜூலை 1 முதல் பின்னால் அமர்பவருக்கும் சேர்த்து இது வலியுறுத்தப்பட்டது. இன்று அணியாதவருக்கு அபராதம் 1,000 ரூபாய்.

ஐஎஸ் 4151 தர முத்திரை இல்லாத ஹெல்மெட் 2021 ஜூன் முதல் விற்கவே தடை. முத்திரை இருந்தும் தாடைப்பட்டியைப் பூட்டாவிட்டால், முதல் மோதலிலேயே அது கழன்று பறந்துவிடும். டேங்கின் மேலோ முழங்கையிலோ தொங்கும் ஹெல்மெட் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

விபத்து நடந்த பின்

தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருப்பது மதுரை சாலையில் க.விலக்கில். கம்பத்திலிருந்து அங்கே சுமார் 50 கிலோமீட்டர். கூடலூர், லோயர்கேம்ப் என்றால் இன்னும் தூரம். பெரிய தலைக்காயத்துக்கு இந்தத் தூரமே எதிரி. ஆகவே முதலில் 108 ஆம்புலன்ஸ். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். மூச்சு தடைபட்டால் ஒழிய ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது, கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக் கூடாது.

போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்று ஒதுங்கத் தேவையில்லை. காயமுற்றவருக்கு உதவுபவரை 2016இல் உச்ச நீதிமன்றமும், பின்னர் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் பாதுகாக்கின்றன. பெயரைச் சொல்லும்படி கூட அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தமிழக எல்லைக்குள் விபத்து நடந்தால் போதும். குமுளியிலிருந்து இறங்கிவந்த கேரளத்தவருக்கும் அது கிடைக்கும்.