ஊசி பிறந்த ஊர்

அண்மையில் ஒரு நாள், நாம் பணியாற்றும் பள்ளியின் சுற்றுச்சுவருக்குப் பின்னால் ஓர் ஊசிக்குழல் கிடக்கக் கண்டோம். "போலீசைக் கூப்பிடுங்கள், பிடித்து உள்ளே போடட்டும்!" என்றார் உடன் பணியாற்றும் ஆசிரியர். நல்லவர்தான். ஆனால் அவர் காட்டும் வழியில் நடந்து பார்த்த நகரம் ஒன்று உண்டு. அதன் கதையை அவர் அறியார்.

எடின்பரோ, ஸ்காட்லாந்தின் தலைநகர். தோலுக்கடியில் மருந்தேற்றும் ஊசியை 1853இல் அலெக்சாண்டர் உட் எனும் மருத்துவர் அங்கேதான் கையாண்டார். ஏற்றிய மருந்து மார்பின், அபினியின் சாரம். கனவுக்குரிய கிரேக்கக் கடவுள் மார்பியசின் பெயரை அதற்குச் சூட்டியிருந்தனர். கடவுளின் பெயர் தாங்கியதாலோ என்னவோ, குடிகெடுப்பதில் அது குறை வைக்கவில்லை! வயிற்றில் இறங்காத அபினி வெறியை வளர்க்காது என நம்பினர் அந்நாளைய மருத்துவர் பலர். நம்பிக்கை பொய்த்தது. 1898இல் பேயர் நிறுவனம் ஹெராயினை இருமல் மருந்தென்று விற்றது. பின்னர் அதுவும் ஊசியில் ஏறிற்று.

1980களின் தொடக்கம். அதே எடின்பரோவில் ஹெராயின் பெருகிற்று. காவலர் ஊசிகளைப் பறித்தனர். மருந்துக் கடைகள் விற்பனையை நிறுத்தின. போதை நின்றதா? இல்லை, ஊசி வரத்துதான் நின்றது! ஓர் ஊசி பல கை மாறிற்று. ஒருவன் குருதி மற்றவன் நரம்பில் புகுந்தது. 1986இல் வெளிவந்த ஆய்வு, அந்நகர மருத்துவகமொன்றில் சோதிக்கப்பட்ட போதை ஊசிப் பழக்கத்தினரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் எச்.ஐ.வி. இருந்ததாகக் கூறிற்று. அண்டை நகரான கிளாஸ்கோவில் ஊசிக்கு அத்தனை தட்டுப்பாடில்லை. அங்கே அந்நோயும் மிகக் குறைவு.

ஆம்ஸ்டர்டாமில் வேறு கதை. பழைய ஊசியைத் தந்து புதியதைப் பெறும் முறை 1984இல் அங்கே தொடங்கியது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி பரவாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. செய்தவர் யார்? சட்டமன்றமா? அறிஞர் குழுவா? போதைக்கு ஆட்பட்டோரே அமைத்த சங்கம்!

நம் நாட்டுக்கு வருவோம். 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைச் சென்னையில் கண்டறிந்தனர் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும். பர்மா எல்லையிலுள்ள மணிப்பூரிலோ, 1989 செப்டம்பர் வரை ஊசிப் பழக்கத்தினரிடம் அது காணப்படவில்லை. அடுத்த ஆறே திங்களில் சோதிக்கப்பட்டோரில் பாதிப்பேரிடம் கண்டனர். ஆறு திங்கள்! நம் பள்ளியில் அரையாண்டுத் தேர்வு வருவதற்குள் முடிந்துவிடும் காலம்.

ஜூஜுவாடியைத் தாண்டினால் கருநாடகம். 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தபோது கிருஷ்ணகிரியும் ஓசூரும் அம்மாவட்டத்தின் பகுதிகள். சென்னை மாகாணச் சட்டம் எல்லைக்கல்லோடு நின்றது. மைசூர் நாட்டில் அது செல்லாது. இன்று அவ்வழியே சிப்காட் ஆலைகளுக்கு ஊர் ஊராய் இளைஞர் வருகின்றனர். வலி தணிக்கும் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் கொடுமை தமிழகச் செய்தித்தாள்களில் அடிக்கடி தென்படுகிறது. மாத்திரைக்குள் இருக்கும் கரையாத மாவு நரம்பை அடைக்கும், புண்ணாக்கும், கை கால்களையே பறிக்கவும் கூடும்.

"ஊசி கொடுத்தால் ஊக்கம் கொடுத்ததாகாதா?" என்று கேட்டார் நம் ஆசிரியர். நியாயமான கேள்விதான். ஊசியோடு நிற்பதில்லை அத்திட்டம் என்றோம். 2007இல் தொடங்கிய தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில், ஊசி மாற்றத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில் நாவின் கீழ் வைக்கும் புப்ரினார்பின் மாத்திரையும் இடம்பெற்றது. ஊசி வாங்க வருபவன் மருத்துவரைக் காண்கிறான். காவலரைக் கண்டு ஓடுபவன் எவரையும் காண்பதில்லை.

அவர் உடன்படவில்லை. ஆயினும் கிடுக்கி கொண்டுவந்தவர் அவரே. ஊசிக்குழலை எடுத்துத் தகர டப்பாவில் இட்டு மூடினோம். அதை எறிந்தவன் வெளியூரானோ, நம் வகுப்பில் கடைசி வரிசையில் இருப்பவனோ, யாரறிவார்? மறுநாள் வருகைப் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு பெயராக, சற்று மெதுவாகவே படித்தோம்.